புகை இல்லாமல் வெந்த சோறு

எனக்கு எண்பத்தாறு வயதாகிறது. ஏழு பிள்ளைகளைப் பெற்று ஏழையும் ஆளாக்கினேன். அதுபோக, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேர் என் கையால் சாப்பிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஆக ஒன்பது. இந்த ஒன்பதில் ஒன்றுகூடச் சாப்பாடு சரியில்லை என்று தட்டைத் தள்ளியதில்லை. (தள்ளியிருந்தால் தட்டு திரும்ப வந்திருக்காது.) இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் வரப்போவதைப் படித்துவிட்டு, இவளுக்குச் சமைக்கத் தெரியாதோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கும் சமையல் நன்றாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம்தான் நாசமாய்ப் போனது.

கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு பார்க்கவும் மட்டும்தான் எனக்கு எழுத்துத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி செல்வி எழுதுகிறாள். இப்போதே சிரிக்கிறாள். சிரிக்க இன்னும் ஒன்றுமே வரவில்லை.

யுத்தத்துக்கு முந்தின காலம். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுக்காரருக்கு மதுரையில் ஒரு பஞ்சாலையில் வேலை கிடைத்தது. ஆறடி ஆள். ஆலை வாசலில் குனிந்துதான் நுழைவார். மகன் டவுனுக்குப் போவதில் மாமியாருக்கு வருத்தமில்லை. நானும் கூடப் போவதுதான் பிடிக்கவில்லை.

"சோறு பொங்க ஆள் வேணும்ல ஆத்தா" என்றார் இவர்.

"இவ பொங்குற சோத்துக்கு நீ கிளப்புக் கடையிலயே தின்னுக்கலாம்யா."

கடைசியில் மாமியார் ஒரு நிபந்தனை போட்டார். "பருத்தி எடுத்து முடிச்சதும் நான் வாரேன். ஒரு நேரம் உக்காந்து சாப்பிடுறேன். வீடு வீடா இருந்தா இருங்க. இல்லன்னா, ஏ பேச்சி, மறுபேச்சுப் பேசாம மூட்டையக் கட்டி என்கூட வண்டியில ஏறிரணும்."

பேச்சி நான்தான். சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள், என்ன ஆனாலும் அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டு முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. திருகினால் தண்ணீர் வரும். ஊரில் ஊருணிக்கும் வீட்டுக்கும் குடத்தோடு நடந்து நடந்து என் இடுப்பில் ஒரு பக்கம் காய்ப்பே ஏறியிருந்தது. குழாயைத் திருகிப் பார்த்தவளைத் திரும்ப ஊருணிக்கு அனுப்ப முடியுமா? (குழாய்க்காகத்தான் இருந்தாயா, தாத்தாவுக்காக இல்லையா என்கிறாள் செல்வி. அவரும் இருந்தார்.)

வீடு கீழவாசல் பக்கம் ஒரு சந்தில். முன்பாதியில் வீட்டுக்காரர்கள், பின்பாதியில் நாங்கள். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். நூலுக்குச் சாயம் போடுகிற தொழில். முற்றம் முழுக்க மூங்கில் கழியில் சிவப்பும் மஞ்சளுமாக நூல் தொங்கும். அந்த முற்றத்தை ஒட்டித்தான் என் விறகடுப்பு. ஒருநாள் வீட்டுக்கார அம்மா ஒரு கத்தை நூலைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, இது என்ன நிறம் சொல்லு."

"சாம்பல் நிறம்மா."

"காலையில இது மஞ்சள். உன் புகைதான் இப்படிப் பண்ணிருச்சு. இனிமே விறகு வச்சே, வேற வீடு பாத்துக்கோ."

ஆக, புகைந்தால் வீடு போய்விடும். பொங்காவிட்டால் நான் போய்விடுவேன்.

அப்போதுதான் விளக்குத்தூண் பக்கத்துப் பாத்திரக் கடை ஒன்றில் குக்கர் வந்திருக்கிறது என்று இவர் கேள்விப்பட்டு வந்தார். இப்போது விசில் அடிக்கிறதே, அது இல்லை. உயரமான பித்தளைத் தவலை மாதிரி இருக்கும். அடியில் கரி போட ஒரு சின்னத் தட்டு. தவலைக்குள் கொஞ்சம் தண்ணீர். அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கிண்ணம். நாலு துண்டு கரியைக் கனிய வைத்து, தட்டில் போட்டு, மூடிவிட வேண்டியதுதான். ஆவியிலேயே மெதுவாக எல்லாம் வெந்துகொண்டிருக்கும். ஊத வேண்டாம், கிண்ட வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். முக்கியமாக, புகை கிடையாது.

கடைக்காரர் அலுமினியத்தில் ஒன்றும் பித்தளையில் ஒன்றும் எடுத்து வைத்தார். இவர் அலுமினியத்தைத் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கு" என்றார். நான் விடவில்லை. லேசான பாத்திரம் சூட்டைப் பிடித்து வைக்காது. பித்தளைக் கிண்ணங்களை எடுத்து உள்ளே ஈயம் ஒழுங்காகப் பூசியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினேன். பூசாத இடத்தில் புளி பட்டால் களிம்பு ஏறிவிடும். மூடியைப் போட்டுக் காதில் வைத்து ஆட்டினேன். கிண்ணத்தை முகர்ந்துகூடப் பார்த்தேன். (எதற்கென்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஆனால் கடைக்காரர் மரியாதையாகப் பார்த்தார்.) கடைசியில், என் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த வெண்கலப் பானை இரண்டையும் கொடுத்து, அதற்கு மாற்றாக அந்தப் பித்தளைக் குக்கரைத் தூக்கி வந்தோம்.

இரண்டு மூன்று தடவை சமைத்துப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் காய்ந்த மொச்சை வேக விறகுக் கட்டே தீர்ந்துபோகும். இதில் மொச்சையை ஊறவைத்துப் போட்டால் பஞ்சு மாதிரி வந்தது. வீட்டுக்கார அம்மாவே வந்து எட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்பங்கரையில் விறகடுப்பைப் பெருக்கி, சாம்பலை அள்ளி, சாணி போட்டு மெழுகி, சாமி பீடம் மாதிரி வைத்துவிட்டேன். சந்தில் போகிறவளையெல்லாம் கூப்பிட்டு, "எங்க வீட்டு அடுப்பப் பாருங்க, எம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்று காட்டுவேன்.

மாமியார் வருகிற நாளும் வந்தது. மாமியார், நாத்தனார் ஒச்சம்மா, மாமனாரின் தம்பி மூன்று பேரும் போடி ரயிலில் வருவதாகத் தகவல். இவருக்குக் காலை ஷிப்டு. என் திட்டம் இதுதான்: குக்கரை ஏற்றிவிட்டு, நானே ஸ்டேஷனுக்குப் போய் அவர்களைக் கூட்டி வருவது. "சமையல் யாரு பாக்குறா?" என்று மாமியார் கேட்பார். "அது பாட்டுக்கு வெந்துக்கிட்டு இருக்கு அத்த" என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக முதல் நாளே ஒத்திகை பார்த்தேன்.

அடிக் கிண்ணத்தில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு. நடுவில் சோறு. மேலே மாமியாருக்குப் பிடித்த கருப்பட்டிக் கொழுக்கட்டை. அதோடு விட்டேனா? புதுச் சாமான் விருந்தாளி முன்னால் வருகிறது என்று சந்தனம் குங்குமம் வைத்து, மூடிக் கைப்பிடியில் முழம் பூ சுற்றினேன். மெழுகின தரையில் பலகை போட்டு, கூடத்தின் நடுவில் வைத்தேன். அப்புறம் ஒரு மூளை வேலை செய்தது. பிள்ளைக்குக் குளிருக்குத் துணி சுற்றுகிறோமே, இதற்கும் சுற்றினால் சூடு நிற்குமே என்று இவருடைய வெள்ளை வேட்டியை எடுத்துக் கழுத்துவரை சுற்றிக் கட்டினேன். துணி சுற்றச் சொல்லிக் கடைக்காரர் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்தப் புத்தி.

வீட்டுக்காரர்கள் நூலை அலச வைகைக்குப் போயிருந்தார்கள். போகும்போது கொட்டின சாயத் தண்ணீர் வாசல் கோலத்தைக் கொண்டு போய்விட்டது. நான் கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ரயில் வந்தது. அதில் அவர்கள் இல்லை.

ஊர்ப் பருத்தி வண்டி மதுரைக்குக் கிளம்பியதாம். சும்மா போகிற வண்டி இருக்கும்போது ரயில் எதற்கு என்று மூன்று பேரும் அதிலேயே ஏறி, நான் ஸ்டேஷனில் ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்த நேரம் நேராக வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. ஒச்சம்மா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நடித்துக் காட்டியதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மதிய நேரம் புகை வராவிட்டால் ஒரே அர்த்தம்தான். சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மாமியார் சந்து முனையிலேயே கூரையைப் பார்த்திருக்கிறார். புகை இல்லை. வாசலில் கோலம் இல்லை. உள்ளே போனால் மனுஷ அரவம் இல்லை. அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தால் அடுப்பைச் சுத்தமாக மெழுகி வைத்திருக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது.

"ஆத்தா, வெண்கலப் பானை ரெண்டையும் காணோம்!" என்றாள் ஒச்சம்மா.

"வித்துட்டாடி. வித்துக் காரியம் பண்ணிருக்கா" என்று மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அங்கே பலகை மேல் வெள்ளை வேட்டி சுற்றி, பூப் போட்டு, பொட்டு வைத்து, பித்தளைக் கலசம் ஒன்று நின்றது. அடியில் சாம்பல் தெரிந்தது.

சின்ன மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தாராம். "அஸ்தி மாதிரில்ல இருக்கு அண்ணி. ஆனா, இம்புட்டுப் பெரிய கலசமா?"

"எம்புள்ள ஆறடி இருந்தான்ல! சின்னதுல அடங்குவானா?"

ஒச்சம்மா கையை வைத்துப் பார்த்தாள். "ஆத்தா, இன்னும் சுடுதே!"

"சுடாம? பெத்தவ வார வரைக்கும் சூடு ஆறாமக் காத்துக்கிட்டு இருந்திருக்கான் எம்புள்ள!"

அந்த நேரம் பார்த்துக் குக்கர் மூடி இடுக்கில் ஆவி உஸ்ஸென்றது. ஒச்சம்மா வாசல்வரை ஓடிவிட்டாள். மாமியார் மட்டும் அசையவில்லை. "சும்மா இருங்க எல்லாரும். என்னமோ சொல்ல வாறான்" என்று குக்கர் மேல் காதை வைத்துக் கேட்டாராம். என்ன கேட்டதோ, தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆறடியா வளத்தேனே அய்யா, ஒரு செம்புக்குள்ள அடங்கிட்டியே!" அதற்குள் சந்துப் பெண்களும் சேர்ந்துவிட்டார்கள். செத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அழுகிற வீட்டில் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

நான் ஸ்டேஷனிலிருந்து ஏமாந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சந்து முனைக்கு வந்தால் ஒப்பாரிச் சத்தம். அட, யார் வீட்டிலோ என்று நாலு அடி வைத்தேன். எங்கள் வீட்டில். ஆலையில் மிஷின் பட்டை அறுந்து அடித்த கதை எத்தனை கேட்டிருக்கிறேன்! இவர் உயரத்துக்கு முதலில் இவர் தலையில்தானே படும்? ஓடினேன். என்னைக் கண்டதும் மாமியார் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைக் கட்டிக்கொண்டது அன்றுதான்.

"போயிட்டானேடி பேச்சி! நம்மளை விட்டுப் போயிட்டானே!"

அப்புறம் எனக்கு என்ன சந்தேகம் இருக்கும்? ஆலையிலிருந்து சேதி வந்திருக்கிறது, இவர்கள் கேட்டிருக்கிறார்கள், நான்தான் வீட்டில் இல்லை. நான் தரையில் விழுந்து அழுதேன். அவர்களுடையதை எல்லாம் விட என் குரல்தான் பெரிதாக இருந்தது. ஒச்சம்மா என் கையைப் பிடித்து வளையலைத் தடவி, "ஒடைக்கணுமே மதினி" என்று தேம்பினாள். நான் கையைக் கொடுத்துவிட்டேன்.

இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அப்படி அழுதுகொண்டிருந்த எனக்கு, கருப்பட்டி வாசம் வந்தது. பின்னாலேயே மொச்சை வாசம் வந்தது. நேரம் ஆகிவிட்டது. இதற்கு மேல் விட்டால் கொழுக்கட்டை வெடித்துப் பாகு வெளியே வந்துவிடும். புருஷன் போனாலும் வைத்த சமையல் வீணாகக் கூடாது என்று என் கை கால் தானாக எழுந்தது. கண்ணைத் துடைத்து, முந்தானையை இடுப்பில் செருகினேன்.

"எங்கடி போற?" என்றார் மாமியார்.

"இறக்கி வச்சுட்டு வந்து அழுவுறேன் அத்த."

நான் குக்கர் மேல் கையை வைத்ததும் சின்ன மாமனார் பதறிப்போனார். "ஏ பிள்ள, தொடாத! அது பொம்பளைக தொடக் கூடாது! ஆத்துல கரைக்க வேண்டியது!"

"எதுக்கு மாமா ஆத்துல கரைக்கணும்? அது சோறு."

ஒப்பாரி வைத்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள்.

"சோறா?" என்றார் சின்ன மாமனார். அந்தக் குரலில் துக்கத்தோடு வேறு என்னவோவும் இருந்தது. பாவம், இரவு முழுக்க வண்டியில் வந்த மனுஷன்.

"அப்ப எம்புள்ள எங்கடி?" என்றார் மாமியார்.

"உங்களுக்குத்தானே அத்த தெரியும்? நீங்கதானே அழுதீங்க!"

"எங்களுக்கு என்ன தெரியும்? அடுப்பு எரியல, நாங்க அழுதோம்!"

"ஆலையில இருந்து யாரும் வரலையா?"

"ஆலையில இருந்து எதுக்குடி வரணும்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பெரிய அலறல் கேட்டது. ஷிப்டு முடிந்து வந்த இவரைச் சந்து முனை வெற்றிலைக் கடைக்காரர் நிறுத்தி, தன் தோள் துண்டைத் துக்கத்துக்காக இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்க ஊர்ச் சனம் வந்து அழுதுக்கிட்டு இருக்கு மாப்ள, மனசத் தேத்திக்கிட்டுப் போங்க" என்றிருக்கிறார். இன்றைக்கு வருவதாக இருந்த ஆத்தா வழியிலேயே போய்விட்டாள் என்று இவர் முடிவு கட்டி, "ஆத்தா! என்னய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, அவசரத்தில் குனிய மறந்து, நிலைப்படியில் தலையை நங்கென்று முட்டிக்கொண்டு உள்ளே விழுந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே ஆத்தா. ஆத்தாவுக்கு எதிரே மகன். இரண்டு பேரும் பேயைக் கண்டது போலக் கத்தினார்கள்.

மாமியார் மகனைத் தடவிப் பார்த்தார். கிள்ளிப் பார்த்தார். பிறகு முதுகில் நாலு சாத்துச் சாத்தினார், உயிரோடு இருப்பதற்காக. சாத்தி முடித்ததும் முகம் என் பக்கம் திரும்பியது.

"உசுரோட ஆள் இருக்கிற வீட்டுல அடுப்ப அணைச்சு மெழுகி வச்சவ எந்த ஊர்லயாச்சும் உண்டாடி? எம்மகனுக்கு நீ குடித்தனம் பண்ற லச்சணம் இதுதானா? கட்டுடி மூட்டைய."

இவர் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன்.

"வாரேன் அத்த. சாப்பிட்டுட்டு வண்டியில ஏறுவோம்" என்றேன்.

"அழுத வீட்டுல குளிக்காமக் கை நனைக்கக் கூடாது."

"குளிங்க. தண்ணி இந்தா இருக்கு" என்று முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திருகினேன். தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது. மாமியார் முதலில் ஒதுங்கி நின்றார். பிறகு ஒரு கையை நீட்டினார். பிறகு சேலையோடு அடியில் உட்கார்ந்தார். "நிக்காதாடி இது?" என்று கேட்டார். "நாம நிறுத்தினாத்தான் நிக்கும் அத்த" என்றேன். வெகுநேரம் அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

எல்லோரும் தலையைத் துவட்டி வந்து உட்கார்ந்ததும் இலை போட்டேன். அழுது வைத்த பாத்திரத்தில் எப்படிக் கை வைப்பது என்று மாமியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஒச்சம்மாவோ மூடியைத் திறந்தாலே எழுந்துவிடுவேன் என்றாள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு அவர்களைச் சாப்பிட வைக்காமல் விட்டால் நான் பேச்சி இல்லை. வேட்டியை அவிழ்த்தேன். அடியில் வட்டமாகப் பொசுங்கிப் போயிருந்தது. கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சின்ன மாமனார்தான் முதலில் மானத்தை விட்டார். ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். பிறகு நாங்கள் யாரும் அங்கே இல்லாதது போலச் சாப்பிட்டார்.

"உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார் நடுவில்.

"சுத்தி உக்காந்து அம்புட்டுப் பேரும் அழுதா பின்ன எப்படி இருக்கும் சின்னய்யா?" என்றார் இவர்.

ஒச்சம்மா பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் மாமியாரும் திரும்பி உட்கார்ந்தார். ஒரு மொச்சையை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். அது வெண்ணெயாய் நசுங்கியது. வாயில் போட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டார். கொழுக்கட்டை எத்தனை போனது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் கண் பட்டுவிடும். கடைசியில் இலையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொச்சை நல்லா வெந்திருக்கு. நீதான்டி இன்னும் வேகல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இங்கனயே கெடந்து வேகு" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், குனிந்த தலையை வேண்டுமென்றே நிமிர்த்தாமல் வைத்துக்கொண்டேன். சிரிப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே.

"ஆனா ஒண்ணு. அன்னாடம் புகை வரணும். அடுத்த தடவை வாரப்ப முனையிலயே எனக்குத் தெரியணும், உள்ள ஆள் இருக்குன்னு."

இதைச் சொன்ன நேரம், நனைந்த நூலைச் சுமந்துகொண்டு வீட்டுக்கார அம்மா உள்ளே வந்தார். முற்றமெல்லாம் தண்ணீர், கழியில் ஈரச் சேலைகள். "புகை வந்தா வீட்டைக் காலி பண்ணணும்" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். நடுவில் நான். குழாய் கண்ணுக்கு முன்னாலேயே நழுவிப் போகப் பார்த்தது. விடுவேனா?

"தினமும் குக்கர் ஏத்துற நேரம் வாசல்ல சாம்பிராணி போடுறேன். அத்தைக்குப் புகை ஆச்சு. அம்மா, உங்க நூலுக்கும் ஒண்ணும் ஆகாது, வாசம்தான் ஏறும்."

வீட்டுக்கார அம்மா யோசித்தார். "சாம்பிராணின்னா சரி" என்றார். "மணக்குற புகையா?" என்றார் மாமியார். "அப்பச் சரி."

அன்றைக்குத் தொடங்கியதுதான். பித்தளைக் குக்கர் போய், விசில் குக்கர் வந்து, இப்போது மருமகள் கரண்டில் வேகிற குக்கர் வைத்திருக்கிறாள். பட்டனைத் தட்டினதும் நான் வாசலில் சாம்பிராணி போட்டுவிடுவேன். வெளியூரில் இருக்கிற பேரன்கள் போன் பண்ணினால், சௌக்கியமா என்று கேட்பதில்லை. "அப்பத்தா, புகையுதா?" என்றுதான் கேட்பார்கள். "புகையுதுப்பா" என்பேன். அந்தப் பொசுங்கின வேட்டியை இவர் தூக்கிப் போடவே விடவில்லை. கிழிகிறவரை வீட்டில் அதைத்தான் கட்டினார். 'கலச வேட்டி எங்கே?' என்றுதான் கேட்பார்.

அவர் நிஜமாகவே போன அன்று, ஒச்சம்மா ஊரிலிருந்து வந்தாள். அவளுக்கும் கிழ வயதாகிவிட்டது. வாசலில் நின்று, முடியை அவிழ்க்கப் போன கையை நிறுத்தி, "நல்லாப் பாத்துட்டீகளா மதினி?" என்று கேட்டாள். அத்தனை பேர் கூடியிருந்த வீட்டில் நானும் அவளும் அழுதுகொண்டே சிரித்தோம். அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அவ்வளவுதான். செல்வி, கண்ணைத் துடைச்சுக்க. போய் வாசல்ல சாம்பிராணியப் போட்டுட்டு வா, உங்கம்மா சோறு வச்சுட்டா. வந்து உக்காந்து, முதல்ல இருந்து சத்தமா ஒருக்கா வாசி. நான் சொன்னதத்தான் எழுதினியான்னு கேப்போம்.